இவற்றுக்குள் என்ன உறவு?

ராஜாஜி, சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் ஆகிய மூவருக்கும் பொதுவானது எது என்று கேட்டால், பலருக்கும் முதலில் தோன்றுவது மூவரும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவர்கள் என்பதுதான். ஒருவர் ஒசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி, இன்னொருவர் திருத்தணி, மற்றவர் திருச்சிராப்பள்ளி. சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் பிறந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்க, இந்த மூவரை மட்டும் ஏன் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அடுத்து யாராவது மூவரும் பாரத ரத்னா பெற்றவர்கள் என்பார். வெகு அருகில் வந்துவிட்டார் என்றாலும், காமராஜரும் எம்.ஜி.ஆரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் அப்துல் கலாமும் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்க இடம் இருக்கிறது. பாரத ரத்னா முதன்முதலாக வழங்கப்பட்ட 1954ஆம் ஆண்டில் அதைப் பெற்றவர்கள் இவர்கள் மூவர்தான் என்று சொல்லும்போது எல்லாக் கேள்விகளும் ஒரேயடியாக அடங்கிவிடுகின்றன. இனி இந்தப் பட்டியலில் நான்காவதாக ஒருவரைச் சேர்க்க முடியாது, இருப்பவர்களில் ஒருவரை நீக்கவும் முடியாது.

வினாடி வினா வட்டாரத்தில் இத்தகைய கேள்விகளைக் 'கனெக்ட்' என்பார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடக்கும் வினாடி வினாவுக்கு நான் கேள்வி தயாரிப்பதுண்டு. அவற்றில் நான் அதிக நேரம் செலவிடுவதும், அதிக மதிப்பு வைத்திருப்பதும் இந்த வகைக் கேள்விகளுக்குத்தான். ஆண்டு, பெயர், இடம் என்று நேராகக் கேட்கும் கேள்வியில் விடை தெரிந்தவர் சொல்லிவிடுவார், தெரியாதவர் உதட்டைப் பிதுக்குவார், அதோடு முடிந்தது. கனெக்ட் கேள்வியில் ஒவ்வொன்றையும் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் வழி இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நால்வரில் ஒருவருக்கு ஒரு துணுக்கும் இன்னொருவருக்கு வேறொரு துணுக்கும் தெரிந்திருந்து, அவை ஒன்றோடொன்று உரசும்போது விடை பிறப்பதைப் பார்க்கிற மகிழ்ச்சி வேறு எந்தக் கேள்வியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு நெருங்கிய உறவான 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்ற வகை நம் பாடப்புத்தகங்களிலும் போட்டித் தேர்வுகளிலும் நெடுங்காலமாக இருக்கிறது. அதன்மேல் எனக்கு மரியாதை குறைவு. நான்கு பொருள்களைக் கொடுத்தால், ஏதோ ஓர் அடிப்படையில் அவற்றுள் எதை வேண்டுமானாலும் தனித்து நிறுத்திவிடலாம். ஆடு, மாடு, கோழி, மீன் என்ற பட்டியலில் மீன் நீரில் வாழ்வதால் பொருந்தாது என்று ஒரு மாணவனும், கோழிக்கு இரண்டே கால்கள், அதனால் அதுதான் பொருந்தாது என்று இன்னொரு மாணவனும் எழுதினால், இரண்டாமவனுக்கு மதிப்பெண் மறுப்பதற்கு ஆசிரியரிடம் விடைத்தாளைத் தவிர வேறு நியாயம் இல்லை.

இந்த நியாயத்தை முறையாக யோசித்தவர்களில் ஒருவர் மிகாயில் பொங்கார்ட் என்ற சோவியத் அறிவியலாளர். இயந்திரங்களுக்கு வடிவங்களை அடையாளம் காணக் கற்பிப்பதைப் பற்றி 1967இல் அவர் எழுதிய நூலில் நூறு படப் புதிர்கள் இருந்தன. ஒவ்வொரு புதிரிலும் இடப்பக்கம் ஆறு படங்கள், வலப்பக்கம் ஆறு படங்கள். இடப்பக்கத்து ஆறுக்கும் பொதுவாக இருந்து, வலப்பக்கத்து ஆறில் ஒன்றில்கூட இல்லாத பண்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வலப்பக்கத்தில்தான் அந்தப் புதிர்களின் நேர்மை முழுவதும் இருப்பதாக நான் நினைக்கிறேன். எது சேரும் என்று காட்டுவதோடு நில்லாமல் எது சேராது என்பதையும் அவை காட்டிவிடுகின்றன. வினாடி வினா மேடையில் வலப்பக்கத்துப் படங்களை வரைந்து காட்ட வசதியில்லை. ஆகவே கேள்வி தயாரிப்பவர் அந்த வலப்பக்கத்தைத் தன் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, வரக்கூடிய ஒவ்வொரு தளர்வான விடையையும் அதில் உரசிப் பார்த்தாக வேண்டும்.

தளர்வான விடையைத் தடுக்கச் சில நேரங்களில் பட்டியலில் ஒரே ஒரு பெயர் போதும். பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், ஜீவா என்று ஆறு பெயர்களை ஒருமுறை திரையில் போட்டேன். முன்வரிசையிலிருந்த கல்லூரி மாணவர்கள் ஐந்தாவது பெயர் வரைக்கும் படித்துவிட்டு மன்னர்கள் என்று முணுமுணுத்தார்கள். ஆறாவது பெயரைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தத்துக்கும் அரசவைக்கும் என்ன சம்பந்தம்? அவர்களில் ஒரு பெண் அந்தக் கடைசிப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதெல்லாம் எதுக்காவது வச்ச பேரா இருக்கணும், அவங்களைப் பத்தின கேள்வியா இருக்காது" என்றாள். பாதிக் கேள்வி அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிட்டது. மீதிப் பாதி பின்வரிசையிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுந்து, "பாப்பா சொன்னது சரிதான் தம்பி, எல்லாம் பஸ்ஸில எழுதியிருந்த பேரு. எங்க ஈரோட்டுல ஜீவா, கோயம்புத்தூர்ல சேரன்" என்றார். தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அப்படிப் பெயர்கள் இருந்தன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், நெல்லைக்குக் கட்டபொம்மன். சாதிக் கலவரங்களை ஒட்டி 1997இல் அரசு அந்தப் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த அந்தப் பெண்ணுக்கு அந்தப் பேருந்துகளைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. ஆனாலும் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைச் சொன்னவள் அவள்தான். இரு அணிகளுக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

ஜீவா இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மன்னர்கள் என்ற விடையை மறுக்க எனக்கு உரிமை இருந்திருக்காது. கட்டபொம்மன் பாளையக்காரர் என்று வாதம் செய்திருக்கலாம், ஆனால் அது கேட்பவரின் பிடிவாதமாகத்தான் தெரிந்திருக்கும்.

பதினாறு சொற்களைக் கலைத்துப் போட்டு, நான்கு நான்காகப் பிரிக்கச் சொல்லும் கட்டப் புதிரில் இந்தக் கவனம் இன்னும் பல மடங்கு தேவைப்படுகிறது. பிபிசியில் 2008இல் தொடங்கிய 'ஒன்லி கனெக்ட்' நிகழ்ச்சியில் இதை ஒரு சுவராகக் காட்டி இரண்டரை நிமிடம் கொடுப்பார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023 முதல் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் நாளுக்கு ஒன்றாக வெளியிட்டு வருகிறது. அதில் நான்கு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. தமிழில் அப்படி ஒன்றை அமைத்துப் பார்த்தேன்:

வைகை, மேகலை, பவானி, திண்டுக்கல்
குண்டலம், முத்துநகர், நொய்யல், பத்தமடை
கோவில்பட்டி, சிலம்பு, ஹேமாவதி, பொதிகை
உழவன், கபினி, வளை, மணப்பாறை

தானே முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டு மேலே படிக்கலாம். ஆறுகளை எண்ணினால் வைகை, பவானி, நொய்யல், ஹேமாவதி, கபினி என்று ஐந்து கிடைக்கும். சென்னையிலிருந்து தெற்கே போகும் விரைவு ரயில்களை எண்ணினாலும் வைகை, முத்துநகர், பொதிகை, உழவன், சிலம்பு என்று ஐந்து. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்குப் பேர்போன ஊர்களைப் பார்த்தால் திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, பவானி ஜமக்காளம் என்று அங்கும் ஐந்து. நான்கோடு நின்றுவிடுவது அணிகலன்கள் மட்டுமே. சிலம்பு, மேகலை, வளை, குண்டலம் ஆகிய நான்கும் ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களுக்குள் இருப்பவை. ஆகவே முடிச்சு அங்கிருந்துதான் அவிழ வேண்டும். சிலம்பு அணிகலன்களோடு போய்விட்டால் ரயில்களுக்கு வைகையை விட்டால் வேறு வழியில்லை. வைகை ரயிலாகிவிட்டால் ஆறுகள் நான்காகிவிடும், அந்த நான்கும் காவிரியின் துணையாறுகள் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். வைகை காவிரியில் கலப்பதில்லை, ராமநாதபுரத்துப் பக்கம் போகிறது. பவானி ஆறாக நிற்க வேண்டியிருப்பதால் ஜமக்காளம் விலகிக்கொள்ள, ஊர்களும் நான்காகிவிடும்.

இதில் ஹேமாவதி இருக்கும் இடத்தில் அமராவதியை வைக்கத்தான் யாருக்கும் முதலில் கை போகும். கரூர்ப் பக்கத்து ஆறு, தமிழர்களுக்கு நன்கு பழகிய பெயர், காவிரியின் துணையாறும்கூட. ஆனால் அமராவதி என்ற பெயரில் ஒரு விரைவு ரயிலும் உண்டு. அதை ரயில்களோடு சேர்த்துவிட்டு வைகையை ஆறுகளோடு விட்டுவைத்தால், வைகை, பவானி, நொய்யல், கபினி என்று நான்கு ஆறுகள் அழகாக அமைந்துவிடும். கட்டம் இரண்டு விதமாகத் தீரும், அதில் ஒன்றைத் தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இருக்காது. தெரியாத ஆறு என்று ஹேமாவதியைப் பற்றிச் சிலர் குறைப்படலாம். அந்தக் குறையை ஏற்றுக்கொள்வேன், இரண்டு விடை உள்ள கட்டத்தை ஒருவர் கையில் கொடுக்க மாட்டேன்.

தொடர்பில்லாத இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. சாம்பார் மணப்பதும் உடல் நலிவதும் எதனால் என்று கேட்டு, பெருங்காயத்தால் என்ற விடையை வரவழைக்கும் இரு சொல் அலங்காரத்தை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் பலர். காளமேகப் புலவரோ விடையை முன்னால் வைத்துவிடுவார். பாம்பையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் தோல் உரியும், இரண்டும் சிவபெருமான் முடிமேல் இருக்கும் என்று ஒரு வெண்பாவுக்குள் பொதுமைகளை அடுக்கிக்கொண்டே போவார். மூன்றாவதாக ஒரு பொருள் அந்த வெண்பாவுக்குள் நுழைய முடியாது என்பதுதான் அதன் வலிமை.

அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கனெக்ட் ஒன்று உண்டு. இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் ஆகிய நான்கு தனிமங்களும் ஒரே ஊரால் பெயர் பெற்றவை. ஸ்டாக்ஹோமுக்கு அருகில் ஒரு தீவில் இருக்கும் இட்டெர்பி என்ற சிற்றூர் அது. அங்கிருந்த சுரங்கத்தில் 1787இல் கார்ல் ஆக்சல் அர்ரேனியஸ் என்ற ராணுவ அதிகாரிக்குக் கனமான கருங்கல் ஒன்று கிடைத்தது. அதை ஆராய்ந்த யோஹான் காடோலின் 1794இல் அதற்குள் புதிய ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதைத் தொடர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வகைத் தாதுக்களிலிருந்து வேதியியலாளர்கள் தனிமங்களைப் பிரித்து எடுத்தவண்ணம் இருந்தார்கள். தனிம அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர்களுக்கு இந்த நான்கும் வெவ்வேறு கட்டத்தில் கிடக்கும் நான்கு பெயர்கள்தான். கேள்வி அவற்றை ஒரு சிற்றூரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த ஊரின் பெயரால் அமைந்த தனிமங்கள் இவை மட்டுமே என்பதால், இதை 'எக்ஸாஸ்டிவ் லிஸ்ட்' என்ற அறிவிப்போடு கேட்கலாம். பட்டியல் முழுமையானது என்று தெரிந்ததும் விடை தேடுபவரின் யோசனை தானாகவே கூர்மையாகிவிடும்.

முழுமையான பட்டியலாக இல்லாதபோது, குறிப்புகளை எந்த வரிசையில் தருகிறோம் என்பதில்தான் கேள்வியின் உயிர் இருக்கிறது. 'ஒன்லி கனெக்ட்' முதல் சுற்றில் ஒரே குறிப்போடு விடை சொன்னால் ஐந்து புள்ளிகள், அடுத்தடுத்த குறிப்புகளுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே வரும். இப்படி ஏற்பாடு செய்துவிட்டால் எதை முன்னால் வைப்பது, எதைக் கடைசிக்கு ஒளித்து வைப்பது என்பது பெரிய பொறுப்பாகிவிடுகிறது. வேடந்தாங்கல், கோடியக்கரை, பள்ளிக்கரணை, பிச்சாவரம் என்ற வரிசையில் கேட்டால், முதல் பெயரிலேயே எல்லோரும் பறவைகள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிச்சாவரம் வரும்வரை அந்த எண்ணத்தை எதுவும் அசைக்காது. பிச்சாவரத்தை முதலில் வைத்தால் அலையாத்திக் காடும் படகும் நினைவுக்கு வரும். அடுத்து பள்ளிக்கரணை வரும்போது, மாநகரத்துக்குள் சிக்கிக்கொண்ட சதுப்பு நிலத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று மனம் தேடத் தொடங்கும். கோடியக்கரை வரும்போது, தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலில் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அதுதான் என்று அறிந்தவர் கையை உயர்த்திவிடுவார். ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை இவை நான்கும். மற்ற மூன்றும் 2022இல் சேர்ந்தவை. வேடந்தாங்கலை நான் எப்போதும் நான்காவதாகத்தான் வைப்பேன்.