வளவு வெளிச்சம்

எடின்பரோவுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஜூன் மாதம். இரவு 10 மணி வரை வெளிச்சம். வீட்டில் பச்சையாக ஏதாவது இருக்கட்டுமே என்று ஒரு அஸ்பாரகஸ் ஃபெர்ன் வாங்கித் தெற்கு ஜன்னலில் வைத்தேன். ஸ்ப்ரெங்கரி என்கிற வகை. செட்டிநாட்டில் வளர்ந்தவளுக்குச் செடி என்றால் வெயில்தான். அதுவும் இந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும்? பதினைந்தே நாளில் நுனியெல்லாம் கருகிவிட்டது.

டிசம்பரில் பகல் 7 மணி நேரமாகச் சுருங்கியபோது, பாவம் குளிருமே என்று ஹீட்டருக்கு மேலே இருக்கும் திண்டுக்கு மாற்றினேன். அது இன்னும் மோசம். வறண்ட அனலில் மஞ்சளாகிக் கொட்டித் தீர்த்தது. கம்பளத்திலிருந்து அந்த ஊசி இலைகளைப் பொறுக்குவதே தனி வேலை.

பொங்கலுக்குக் கானாடுகாத்தான் போனபோதுதான் புத்தி வந்தது. நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவில் பர்மா தேக்குத் தூணோரமாக உட்கார்ந்து அப்பத்தா சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் சுள்ளென்று வெயில். அவர் இருந்த தாழ்வாரத்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை. ஆனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தை வாங்கி உள்ளே வீசுகிறது, உளுந்தில் கிடக்கும் கல் தெரிகிறது. என் செடி கேட்டது இதைத்தான்!

போனில் படத்தைக் காட்டினேன். “தண்ணிவிட்டான் கொடி மாதிரியில்ல இருக்கு ஆத்தா?” என்றார். சரியாகத்தான் சொன்னார். பெயரில்தான் ஃபெர்ன், பெரணிச் செடியே இல்லை. பூக்கும், சிவப்பாகக் காய்க்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கிறோமே தண்ணீர்விட்டான் கிழங்கு, அதற்குத் தென்னாப்பிரிக்கச் சொந்தம். இலை என்று நான் பொறுக்கியதெல்லாம் உண்மையில் மெலிந்த தண்டுகள்.

திரும்பியதும் ஹீட்டர் இல்லாத கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போட்டேன். அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிய தட்டு. மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர், குளிர்காலத்தில் இன்னும் குறைத்து. மஞ்சள் தண்டுகளை அடியோடு வெட்டினேன். பொடி முள் உண்டு, கையுறை இல்லாமல் தொட்டு அனுபவப்பட்டேன். கீழ்வீட்டுப் பூனை அடிக்கடி வரும், அதற்கு இந்தச் செடி ஆகாது. அதனால் இப்போது உயரத்தில் தொங்குகிறது.

ஏப்ரலில் புதுத் தளிர்கள் குத்திக்கொண்டு கிளம்பின. தொட்டி மாற்றக் கவிழ்த்தால், வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் கிழங்குகள். தண்ணீரைச் சேமித்து வைப்பது அங்கேதான். நான் ஊருக்குப் போயிருந்தபோதும் சாகாமல் கிடந்த ரகசியம் அதுதான். அப்பத்தாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“நல்லாக் கழுவி, நெய் விட்டு லேகியம் கிண்டு ஆத்தா.”

“இது தின்கிற ஜாதி இல்லை அப்பத்தா.”

“அப்ப எதுக்கு இந்தப் பாடு?” என்று சொளகை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.