கிளிப் நான்கு, பென்சில் ஒன்று

துணி காயப்போடும் கிளிப் நான்கு, பென்சில் ஒன்று, செல்லோடேப் ஒன்று. இவை இல்லாமல் நான் வாசிக்கப் போவதில்லை. பியானோக்காரியின் பைக்குள் கிளிப் எதற்கு என்று கேட்பவர்கள், சென்னையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தாள் புரட்டி வாசித்துப் பார்க்கட்டும்.

என் பிழைப்பில் பாதி, வயலின் கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது. தேர்வறைக்குள் பிள்ளையோடு போவேன். உருப்படிகள் முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஸ்கேல், செவித்திறன் சோதனையெல்லாம் அந்தப் பிள்ளையின் பாடு.

போன முறை ஒரு சிறுமி, அக்கோலேயின் ஏ மைனர் கன்செர்ட்டோ; வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதைப் பத்து விரலுக்குள் திணித்ததுதான் என் பியானோ பகுதி. எழுதியிருப்பதையெல்லாம் வாசித்தே தீருவேன் என்று நிற்பவர் தொழிலுக்குப் புதியவர். கட்டையில் அடிக்கத் தேவையில்லாததைத் தாளில் அடித்துவிட வேண்டும், பென்சில் அதற்குத்தான். தொடக்கத்தில் பியானோ மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். அது முடிவதற்குள், நான்கு பார் முன்னதாகவே, நம் கணக்கில் நான்கு ஆவர்த்தனம், அவள் வில்லை இழுத்துவிட்டாள். யோசிக்க நேரம் ஏது? இடது கை தானாகவே அவள் நின்ற இடத்தின் அடி ஸ்வரத்துக்குத் தாவியது. வலது கை ஒரு நொடி சும்மா இருந்து, பிறகு போய்ச் சேர்ந்துகொண்டது. தேர்வாளர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏன் மிஸ், முதலில் வருவதைச் சுருக்கிவிட்டீர்கள்?”

“கை தவறிவிட்டது, கண்ணு” என்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டேன்.

பாடகர்களோடு வாசிப்பது வேறு வித்தை. ஷூபர்ட் 1827இல் எழுதிய ‘குளிர்காலப் பயணம்’ என்ற ஜெர்மன் பாடல்வரிசையின் முதல் சொல் ‘ஃப்ரெம்ட்’. பல் உதட்டில் உரசி, நாக்கு உருண்டு, அதன் பிறகே ‘எ’ வருகிறது. அந்த ‘எ’ விழும் கணத்தில்தான் என் விரலும் விழ வேண்டும். மெய்க்குக் காத்திரு, உயிரில் இறங்கு என்று நானே எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். தொல்காப்பியம் படித்தவருக்கு இது சட்டென்று புரியும். என் ஜெர்மன் ஆசிரியருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பெரியம்மா இன்னும் கேட்கிறார்: “எப்போதடி நீ தனியாக வாசிக்கப்போகிறாய்?” மொட்சார்ட் எட்டு வயதில், 1764இல், பாரிஸில் வெளியிட்ட முதல் சொனாட்டாக்கள் பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கானவை, வயலின் துணையோடும் வாசிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அங்கே பக்கவாத்தியம் வயலின்தான். இதைச் சொன்னால் பெரியம்மா, “அதற்கென்ன இப்போது?” என்பார். நியாயமான கேள்விதான்.

நவம்பரில் மழைக்கு மரம் ஊதி, என் பழைய பியானோவில் நடு எஃப் கட்டையை அழுத்தினால் எழுந்திருக்காது. அந்த எஃப்பை வைத்துக்கொண்டுதான் இப்போது ஒரு வயலின்கார நண்பரோடு செசார் ஃபிராங்கின் ஏ மேஜர் வயலின்-பியானோ சொனாட்டாவைப் பழகிக்கொண்டிருக்கிறேன். வயலின் மேதை யூஜின் இசாயிக்குக் கல்யாணப் பரிசாக எழுதியது. 1886 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஓவியக் கூடத்தில் இசாயியும், பியானோவில் லெயோன்டீன் போர்ட்-பேனும் மேடையில் வாசித்தார்கள். ஓவியங்கள் இருந்ததால் விளக்கு ஏற்ற அனுமதி இல்லை. குளிர்கால மாலை, முதல் பகுதி முடிவதற்குள் தாள் தெரியாமல் போயிற்று. மீதியை இருட்டிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்ததாக ஃபிராங்கின் மாணவர் எழுதிவைத்திருக்கிறார். இசாயியின் புகழை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பியானோ பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்று இருட்டில் யாருக்கு அதிக வேலை என்று.

அதன் கடைசிப் பகுதி எனக்கு உயிர். பியானோ ஒரு மெட்டை எடுக்கிறது; ஒரு பார் தள்ளி, வயலின் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. ஆயுள் முழுக்கப் பின்னால் போனவளுக்கு, ஒருவர் பின்னால் வருவது கூச்சமாகக்கூட இருக்கிறது. என்னையறியாமல் வேகத்தைத் தளர்த்தி அவருக்காகக் காத்திருக்கிறேன். “போங்கள், நான் வருகிறேன்” என்று அதட்டுகிறார்.

போன வியாழன் மாலை சரியாக அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றதால் கிளிப்புக்கு வேலையில்லை, தாளும் தெரியவில்லை. நிறுத்தாமல் போனோம். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் மூன்று பகுதிகளைக் கடந்தார்கள்; நாங்கள் ஒன்றரைப் பக்கம் தாக்குப்பிடித்தோம். எங்கேயோ இரண்டு பேரும் வேறு வேறு தெருவில் நின்றோம். யார் தவறியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

“நீங்கள்தான்” என்றேன், இருட்டில்.