அடுப்புப் பக்கம் 30, தொட்டிப் பக்கம் 34

14 ஜனவரி 2024, போகி

அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த அலமாரியைப் பிடுங்கியாச்சு. பிடுங்கினேன் என்று சொல்வதுகூடப் பெருமைக்குத்தான், கை வைத்ததும் உதிர்ந்தது. மிக்ஜாம் புயலில் டிசம்பர் 4-ஆம் தேதி உள்ளே வந்த தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. அதில் பார்ட்டிகிள் போர்டு டீயில் ஊறின ரஸ்க் ஆகிவிட்டது. அன்றைக்குக் காலி சிலிண்டர் ஒன்று சமையலறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் பழுப்பாகத் தெரிகிறது. அளந்தேன், தரையிலிருந்து 19 அங்குலம்.

அத்தைக்கு அந்தப் பலகையைப் போகியில் கொளுத்த ஆசை. சன்மைக்கா எரிந்தால் தெருவே இருமும் என்று சொல்லிக் குப்பை வண்டியில் ஏற்றினேன்.

கையில் இருப்பது: வெள்ள நிவாரணம் 6,000, பொங்கல் பணம் 1,000, சீட்டு எடுத்தது 15,000. வீட்டுக்காரர் ஓவர்டைம் பணத்தில் 4,000 தருவதாகச் சொல்கிறார். மாடுலர் கிச்சன் கடையில் சும்மா விசாரித்தேன். ஒன்றரை லட்சத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கொடுத்த கூல் டிரிங்ஸைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

20 ஜனவரி

தீர்மானம் ஒன்று: 19 அங்குலத்துக்குக் கீழே மரம், பிளைவுட் எதுவும் கிடையாது. மேலே ஒரே ஒரு கடப்பா கல் தட்டு. அதற்குக் கீழே தண்ணீர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

தீர்மானம் இரண்டு அத்தையைப் பார்த்து வந்தது. இருபது வருஷமாக அவர் குழம்பு கிண்டுவதைப் பார்க்கிறவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் இன்றைக்குத்தான் தோன்றியது: தோளைத் தூக்கிக்கொண்டேதான் கிண்டுகிறார். மேடை 34 அங்குலம். அடுப்பு ஒரு 4, அதன்மேல் குக்கர். அத்தை உயரம் நாலடி ஒன்பது. நேராக நிற்கவைத்து முழங்கை வரை அளந்தேன், 36. கரண்டி பிடிக்கிற கை முழங்கைக்கு மேலேயே நிற்கிறது. அப்புறம் தோள்வலி தைலம் மாதம் இரண்டு பாட்டில் ஏன் ஆகாது?

நான் ஐந்தடி நாலு. பாத்திரம் தேய்ப்பது நான். தொட்டி 8 அங்குலம் ஆழம். மேடையை மொத்தமாக இறக்கினால் என் இடுப்பு போய்விடும். அதனால் அடுப்புப் பக்கம் மட்டும் 30, தொட்டிப் பக்கம் அப்படியே 34. நல்ல வேளை, மேடை இரண்டு கல்லாகத்தான் போட்டிருக்கிறது.

“எனக்குன்னு எதுக்குடி தனியா? இன்னும் எத்தினி நாளைக்கு நான் கிண்டப் போறேன்?” என்றார் அத்தை. பதில் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினேன்.

21 ஜனவரி

மேடைக்குக் கீழே நிற்கிற சிலிண்டர் ஞாபகமே இல்லாமல் கணக்குப் போட்டிருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு முழிப்பு வந்து, எழுந்து போய் ரெகுலேட்டரோடு அளந்தேன். 30-க்கு இறக்கினாலும் இரண்டு அங்குலம் மிச்சம். பிறகுதான் தூக்கம்.

பகலில் சுவர் கொத்தல். வெள்ளக் கோடு வரைக்கும் உப்புப் பூத்து, தட்டினால் டொப்டொப்பென்று சத்தம் வந்தது. செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தாச்சு. வீட்டுக்காரர் சுத்தியல், நான் உளி.

24 ஜனவரி

மூன்று நாள் ஃபேன் வைத்துக் காயவிட்டோம்.

தண்டையார்பேட்டையில் இரண்டு பாக்ஸ் டைல்ஸ், 12-க்கு 18 அளவு, பாக்ஸுக்கு ஆறு. எனக்கு வேண்டியது பத்துதான். சிமெண்ட் ஒரு மூட்டை, எம்சாண்ட் எட்டு மூட்டை, கடப்பா தட்டு, எல்லாம் ஒரே மீன்பாடி வண்டியில். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் போனது, திறக்கப்போகிறது என்று எல்லாரும் வண்டியை உறுமவிட்டார்கள், இன்னொரு கூட்ஸ் வந்தது. வண்டிக்கார அண்ணன் இறங்கி டீ குடித்துவிட்டு எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். வெயிட்டிங் சார்ஜ் கேட்கவில்லை. டீக்குக் காசும் வாங்கவில்லை.

25 ஜனவரி, தைப்பூசம்

மேடைக் கல்லை இறக்குவது மட்டும் நம்மால் ஆகாது. அஞ்சடிக்கு ரெண்டடி கடப்பா, எப்படியும் ஐம்பது கிலோ இருக்கும். பக்கத்துத் தெரு மேஸ்திரி அண்ணனை ஒரு நாள் கூலிக்குப் பிடித்தேன்.

“இன்னாம்மா, கிச்சன்ல படிக்கட்டு கட்டச் சொல்றே? பாக்குறவன் என் வேலையத் தானே காறித் துப்புவான்?”

அத்தையை நிற்கவைத்து, கையில் கரண்டி கொடுத்துக் காட்டினேன். பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தாங்கு கல்லில் நாலு அங்குலம் கட்டிங் மெஷினில் அறுத்தார். வீடு பூராவும் கறுப்புத் தூசி, சாமி படம் வரைக்கும். சுவரில் புதுக் காடி வெட்டிக் கல்லை ஏற்றினோம். ரசமட்டம் கொண்டுவரவில்லை அவர். ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்த்தார், மயிரிழை பிசகவில்லை.

போகும்போது, “தொட்டித் தண்ணி அடுப்பாண்ட வராது. அது ஷோக்காத்தான் கீது” என்று வாசலில் நின்று சொன்னார். அது நான் யோசிக்காத லாபம்.

26 ஜனவரி

கொத்தின சுவருக்குப் பூச்சு. ஒன்றுக்கு நாலு கலவை, கூடவே வாட்டர்ப்ரூஃப் திரவம். முதல் இரண்டு கரணை சாந்து சுவரில் ஒட்டாமல் என் காலில் விழுந்தது. சுவரை நனைத்துவிட்டு அடித்தால் ஒட்டுகிறது. பூச்சைச் சமப்படுத்துகிற மணியாசக் கட்டையைத் தேய்க்கிற சுகத்தை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

27 ஜனவரி

மேடைக்கு மேலே டைல்ஸ் ஒரு வரிசை. சாயங்காலத்துக்குள் எட்டு ஒட்டி, போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன்.

28 ஜனவரி

காலையில் சத்தம். மூன்று டைல்ஸ் கீழே விழுந்து சுக்கல். மேஸ்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். “ஊற வச்சியா?” என்றார். இல்லை. ஊறாத டைல்ஸ் சாந்தில் இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், சிமெண்ட் இறுகாமல் வெறும் மண்ணாக நிற்கும். பின்பக்கம் பார்த்தேன், துடைத்த மாதிரி சுத்தம். மிச்ச ஐந்தையும் பதமாகப் பெயர்த்து, எல்லாவற்றையும் அண்டாவில் ஊறப்போட்டு மறுபடி ஒட்டினேன். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. ஓரத்தில் ஒன்றுக்கு இடம் காலி.

நாத்தனார் “சூப்பர்” என்று பதில் போட்டிருக்கிறாள். விட்டுவிட்டேன்.

4 பிப்ரவரி

வாரம் முழுக்கப் பூச்சுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். மெட்ரோ தண்ணீர் வராத நாளில் குடத்தை எண்ணி எண்ணிச் சுவருக்கு ஊற்றுவது வயிறு எரிகிற வேலை. சமையல் வாசலில், பம்ப் ஸ்டவ்வில்.

செம்புதாஸ் தெருவில் குழாயும் கழிவு பைப்பும் வாங்கி மாட்டியாச்சு. கேஸ் டியூபும் புதுசு. பழசில் அச்சடித்திருந்த தேதி எப்போதோ முடிந்திருந்தது.

11 பிப்ரவரி

பால் காய்ச்சினோம். அத்தை தோள் இறங்கித்தான் இருந்தது, பக்கத்தில் நின்று கவனித்தேன். காய் நறுக்குவது மட்டும் இன்னமும் தரையில், அருவாமனையில்தான். வீட்டுக்காரர் கை முட்டியை அந்தப் படியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். மொத்தச் செலவு 19,460.

மத்தியானம் உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். அந்த லாட் தீர்ந்துவிட்டதாம். அதே டிசைன் இருக்கிறது, ஆனால் ஒரு சாயல் மஞ்சள். ஒற்றை டைல்ஸாகத் தரவும் மாட்டார்களாம்.

திரும்பி வந்தால், ஓரத்துக் காலி இடத்தை மறைத்து அத்தை தினசரிக் காலண்டரை மாட்டியிருக்கிறார். ஆணி அடித்த இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்.