ஷட்டரில் ஒரு கீறல் இல்லை

2019 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. காலையில் கடையைத் திறந்தால் செம்புக் கம்பிச் சுருள் 11 காணோம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை எங்களுடையது, செம்புதான் எங்கள் முதல். ஷட்டர் மூடியிருந்தது, இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன. ஆறு மாதம் முன்னால் ஒரு சாவிக்கொத்தைத் தொலைத்திருந்தோம். வந்தவன் அதை வைத்துத்தான் திறந்திருக்கிறான்.

ஸ்டேஷனில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 457, 380 என்று இரண்டு பிரிவு போட்டு எஃப்ஐஆர் கொடுத்தார்கள். 380 கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு. 457 இரவில் அத்துமீறிப் புகுந்தது. சரி, திருட்டுக்கென்று எடுத்த இன்ஷூரன்ஸ், பர்க்ளரி பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். நஷ்டத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், ஷட்டரைத் தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நடந்தது தெஃப்ட், பர்க்ளரி இல்லை, பணம் கிடையாது.

இரண்டும் திருட்டுதானே என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். "இல்லண்ணே, பர்க்ளரின்னா உடைச்சுட்டு வந்திருக்கணும்" என்றார்.

அப்புறம்தான் இந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். உரியவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை எடுத்து நகர்த்தினால் தெஃப்ட், அதாவது திருட்டு. அதற்காக ஆளை அடித்தாலோ, அந்த இடத்திலேயே அடிபடுவோம் என்று பயப்பட வைத்தாலோ ராபரி, அதாவது கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அதைச் செய்தால் டெகாய்ட்டி, கூட்டுக் கொள்ளை. பேப்பரில் 'பூட்டை உடைத்து 20 பவுன் கொள்ளை' என்று போடுகிறார்களே, வீட்டில் ஆள் இல்லாதபோது நடந்திருந்தால் சட்டப்படி அது கொள்ளையே இல்லை, திருட்டு.

பர்க்ளரி என்று ஒரு குற்றமே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கிடையாது. அங்கே இருப்பது ஹவுஸ்பிரேக்கிங், அதாவது வீடு உடைத்துப் புகுவது, பிரிவு 445. அதில் உதாரணமாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: வீட்டுக்காரர் தொலைத்த சாவி ஒருவனுக்குக் கிடைக்கிறது, அதை வைத்துக் கதவைத் திறந்து அத்துமீறி உள்ளே போகிறான், அது ஹவுஸ்பிரேக்கிங். 1860ல் வந்த சட்டம். படித்தபோது என் கடையைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. சுவரில் துளை போட்டுக் கையை நுழைப்பதும் அந்த உதாரணங்களில் உண்டு. நம் ஊரில் அதைத்தான் கன்னம் வைப்பது என்பார்கள். போலீஸ் இன்றைக்கும் கன்னக்களவு என்றே எழுதுகிறது, சுவரைத் துளைக்கும் கன்னக்கோலை யாரும் தொடாவிட்டாலும்.

ஆனால் பாலிசிக்குத் தனி அகராதி. என் பாலிசியின் நாலாம் பக்கத்தில், பலவந்தமாகவும் வன்முறையாகவும் உள்ளே புகுந்தோ வெளியேறியோ செய்த திருட்டுதான் பர்க்ளரி, ஹவுஸ்பிரேக்கிங் இரண்டும் என்று எழுதியிருந்தது. சட்டம் சாவியையும் சேர்த்துக்கொள்கிறது, பாலிசி சேர்க்கவில்லை. வக்கீல் அண்ணனிடம் போனேன். 2004லேயே இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றார். பாலிசியில் எழுதியிருக்கும் அர்த்தம்தான் செல்லும், பலவந்தம் இல்லாவிட்டால் பணம் இல்லை என்பது தீர்ப்பு. சாதாரண மனிதனுக்குப் புரிகிற அர்த்தம் வரும்படி கம்பெனிகள் பாலிசியைத் திருத்தும் என்று நம்புவதாகவும் அதே தீர்ப்பில் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். என் பாலிசி அதற்கு 15 வருடம் கழித்து அச்சடித்தது. எனக்கு ஆத்திரம் அங்கேதான். கடைக்காரன் கையெழுத்துப் போடும்போது பர்க்ளரி என்றால் திருட்டு என்றுதான் நினைக்கிறான், அது விற்கிறவர்களுக்கும் தெரியும்.

வழக்குப் போடவில்லை. 86,000 ரூபாய்ச் சரக்கு, போனது போனதுதான்.

இப்போது உடைக்காமல் நடக்கும் திருட்டுக்கும் பணம் கிடைக்கும்படி, தெஃப்ட் எக்ஸ்டென்ஷன் என்று கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்கிறேன். பாலிசியோடு அதற்கான தாளும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கிவிடுகிறேன். சாவி தொலைந்தால் அன்றைக்கே பூட்டை மாற்றிவிடுகிறேன். கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரி உங்கள் பாலிசியை எடுத்து, பர்க்ளரி என்ற வார்த்தைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.