கர்ப்பப்பை எடுக்க எவ்வளவு காசு முடியும்?

ஒப்பரேஷன் முடிந்து, இப்போது வீட்டில் பழையபடி தைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டை தைக்கக் கொண்டுவருகிற பெண்கள் அளவு கொடுத்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எவ்வளவு முடிஞ்சது?" வலி எப்படி, காயம் ஆறிவிட்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்கிறவர்களில் பலர் தாங்களும் மாதாமாதம் அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்கோடு நாளை ஓட்டிக்கொண்டு, காசை நினைத்தே டொக்டரிடம் போகாமல் இருப்பவர்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது, இருப்பது யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். கர்ப்பப்பையில் பைப்ரொயிட் கட்டிகள், ஒன்றல்ல, பல. இரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் ஏழுக்குக் கிட்ட வந்துவிட்டது, மெஷின் மிதித்தாலே மூச்சு வாங்கும். பின்னேரத்தில் ஒரு பெண்நோயியல் நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாரில் நேரம் எடுத்து, காட்டினேன். ஸ்கானைப் பார்த்துவிட்டு அவர் உடனே எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. இரத்தப்போக்கைக் குறைக்கிற குளிசை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் லூப் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கிற ஒப்பரேஷனும் இருக்கிறது, உங்களுடைய கட்டிகளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் இவை சரிவராது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். காசைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். குளிசையிலோ லூப்பிலோ சமாளிக்கக்கூடிய ஒருவர் லட்சக்கணக்கில் கடன்பட்டுக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை.

எனக்கு எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானதும் கனடாவில் இருக்கிற தம்பி போன் எடுத்தான். "அக்கா, நீங்கள் காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, பிரைவேட்டில செய்யுங்கோ, நான் அனுப்புறன்." அவன் அங்கே இரண்டு வேலை செய்கிறான், பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் வேறு. அனுப்பச் சொல்வதற்கு முன் உண்மையில் எவ்வளவு என்று நானே விசாரிக்கவேண்டும் என்று தோன்றியது. மச்சாளையும் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரு சின்னத் துண்டில் ஒரே ஒரு தொகையை எழுதித் தந்தார். லட்சங்களில்தான். துண்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, "தங்கச்சி, இதுக்குள்ள என்னென்ன வருது?" என்று கேட்டேன். டொக்டரின் காசு, மயக்க மருந்து டொக்டரின் காசு, தியேட்டர், குறிப்பிட்ட சில நாள் அறை, அவ்வளவும் உள்ளே. சரி, ஒப்பரேஷனுக்கு முந்திய இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்ரே? அது வேறு. இரத்தம் ஏற்றவேண்டி வந்தால்? அதுவும் வேறு. எடுத்த கர்ப்பப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கப் பயொப்சிக்கு அனுப்புவது? "அதுக்குத் தனியாக் கட்டோணும் அக்கா." ஒரு நாள் கூடுதலாக நிற்கவேண்டி வந்தால்? அறைக் காசும் மருந்தும் நாளுக்கு நாள் ஏறும். அந்தப் பிள்ளை எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் கேட்காமல் வந்திருந்தால் அந்த ஒற்றைத் தொகையைத்தான் தம்பியிடம் சொல்லியிருப்பேன். எங்கே விசாரித்தாலும் உள்ளே வருவது எது, வெளியே எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த வகை ஒப்பரேஷன் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். வயிற்றைக் கீறி எடுப்பது ஒரு விலை, சின்னத் துளைகள் போட்டுக் கமரா விட்டு எடுக்கிற லப்பரஸ்கோபி அனேகமாக அதைவிடக் கூட, கருவிச் செலவு அதிகம் என்பதால். ஆனால் லப்பரஸ்கோபியில் ஆஸ்பத்திரியில் நிற்கிற நாள் குறையும், வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம், ஆகவே நாட்சம்பளம் எடுக்கிறவர்களுக்கு விலை கூடினது கடைசியில் இலாபமாகவும் முடியலாம். என் கட்டிகளின் பருமனுக்கு அது சரிவராது என்று சொல்லிவிட்டார்கள், கீறித்தான் எடுத்தார்கள்.

நான் கடைசியில் அரச ஆஸ்பத்திரியில்தான் செய்தேன். தம்பிக்கு முதலில் மனமில்லை. சனல் பண்ணிக் காட்டுகிற நிபுணர்களில் பலர் பகலில் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள்தான், கத்தி பிடிக்கிற கை ஒன்றுதான் என்று சொன்ன பிறகே சம்மதித்தான். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி மட்டும்தான் வழி என்றும் இல்லை. வடமராட்சிக்காரர் மந்திகையிலும், வலிகாமம் வடக்கில் இருப்பவர்கள் தெல்லிப்பழையிலும், தென்மராட்சியார் சாவகச்சேரியிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம், போய்வருகிற ஓட்டோக் காசே மிச்சம்.

அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கும் வோட்டில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சதம் வாங்கமாட்டார்கள். இரத்தமும் அப்படித்தான், அது முழுக்க முழுக்கக் காசு வாங்காமல் கொடுக்கிறவர்களின் இரத்தம். எனக்கும் ஏற்றினார்கள். யார் கொடுத்தார்களோ தெரியாது, அவர்களை நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை.

ஆனால் இலவசம் என்றால் கையில் காசே தேவையில்லை என்று அர்த்தமில்லை. ஏதாவது ஒரு பரிசோதனை அந்த நேரம் அங்கே செய்யமுடியாமல் இருந்தால் வெளியே எடுத்துவரச் சொல்வார்கள், ஒரு மருந்து இல்லாவிட்டால் பார்மசிக்குத் துண்டு தருவார்கள். 2022 இல் நாடு பட்ட பாட்டில் இது எவ்வளவு மோசமாக இருந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் இதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, நோட்டுகளாக மச்சாளின் கைப்பையில் வைத்திருந்தேன், வோட்டில் படுத்திருக்கும்போது பாங்க் காட்டையும் நம்பரையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

திகதியும் நிச்சயமில்லை. எனக்குத் தந்த நாளில் அவசர சிசேரியன்கள் வந்து என்னுடையது தள்ளிப்போனது. உயிர் போகிற கேஸ் முதலில் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மனவருத்தமில்லை, ஆனால் லீவு போட்டுவிட்டு நின்ற கணவருக்கும், பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த மச்சாளுக்கும் அந்த நாட்கள் வீணாகின. கணக்கில் இதற்கும் இடம் விடவேண்டும்.

காத்திருந்த காலம் ஒரு விதத்தில் உதவியது. இரத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அவசரமில்லாத ஒப்பரேஷனுக்கு எடுக்கமாட்டார்கள், முதலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அதற்குத் தருகிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காதீர்கள், தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கச் சொன்னார் கிளினிக் மிஸ்ஸி. செலவில்லாத வைத்தியம், ஹீமோகுளோபின் கூடக்கூட இரத்தம் ஏற்றவேண்டிய தேவையும் குறையும்.

இனித்தான் பெரிய செலவு. எங்கள் வீட்டில் ஒப்பரேஷனைவிட அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமைதான் கூடக் காசு விழுங்கியது. கீறி எடுத்தால் அவ்வளவு காலம் பாரம் தூக்கக்கூடாது. பாரம் என்றால் அரிசி மூட்டை என்று நினைப்போம், தண்ணீர் நிறைந்த வாளியும் பாரம்தான். எங்கள் வீட்டில் மோட்டர் பழுதாகிக் கிடந்து, கிணற்றில் அள்ளித்தான் குளிப்பு, சமையல், துவைப்பு எல்லாம். அந்த மோட்டரைத் திருத்திய காசை நான் ஒப்பரேஷன் செலவில்தான் எழுதினேன். உடுப்புத் துவைக்க ஒரு அம்மாவைப் பிடித்தோம், அதுவும் அந்தக் கணக்கில்தான். தையல் மெஷின் மிதிக்கவும் முடியாது, அதனால் என் உழைப்பு முழுக்க நின்றது. நல்லூர்த் திருவிழாவுக்கு முந்திய கிழமைகளில்தான் எனக்கு ஓடர் அதிகம், அந்தக் காலம் கையை விட்டுப் போகாதபடி திகதி தரமுடியுமா என்று கிளினிக்கில் கேட்டேன், திருவிழா முடிந்த பிறகு போட்டுத் தந்தார்கள். உங்கள் தொழிலுக்கும் ஒரு காலம் இருக்கும், வாய் திறந்து கேளுங்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்றால், பாதி சீட்டு. முறை வரமுன்னமே கழிவு கொடுத்து எடுத்தேன், நட்டம்தான், ஆனால் நகை அடைவு வைத்து வட்டி கட்டுவதைவிட எனக்கு அது நிம்மதி. மீதியைத் தம்பி அனுப்பினான். பிரைவேட்டுக்கு அனுப்ப நினைத்ததில் ஒரு சிறு பகுதிதான் அது. வீட்டுச் செலவுக்கென்று மாதத் தொகையாக அனுப்பச் சொன்னேன், மொத்தமாக வந்தால் வேறு எதற்காவது போய்விடும்.

அரச உத்தியோகத்தில் நீங்களோ கணவரோ இருந்தால் அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்று அலுவலகத்தில் முதலே கேளுங்கள். தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். கர்ப்பப்பை ஒப்பரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் போட்டிருக்கிறார்களா என்பது ஒன்று. அரச ஆஸ்பத்திரியில் படுத்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று தருகிற பொலிசிகள் சில இருக்கின்றன, உங்களுடையது அப்படியா என்பது மற்றது. எதுவானாலும் ஆஸ்பத்திரியில் தருகிற டயக்னோஸிஸ் காட் (நோய் விவர அட்டை), பில்கள் இரண்டும் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சூலகத்தையும் எடுப்பார்களா என்பதைக் கையெழுத்து வைக்க முன்னமே கேளுங்கள். இரண்டு சூலகங்களையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கிற வயது வந்ததுபோல் உடம்பு ஒரே நாளில் மாறும். வயது குறைந்தவர்களுக்கு ஹோர்மோன் மருந்து வருஷக்கணக்கில் தேவைப்படலாம், அந்தச் செலவை யாரும் துண்டில் எழுதித் தருவதில்லை. எனக்குச் சூலகங்களை விட்டுவிட்டார்கள், காரணத்தையும் சொன்னார்கள்.

கடைசியாகப் பயொப்சி ரிப்போட். அது வர நாளெடுக்கும், வீட்டுக்கு வந்து காயம் ஆறத் தொடங்கியதும் பலர் அதை மறந்தே போகிறார்கள். எங்களுக்கு ஓட்டோக் காசைத் தவிர ஒரு செலவும் இல்லை. போய் எடுத்து, கிளினிக்கில் டொக்டரிடம் காட்டி, புற்றுநோய் ஒன்றும் இல்லை என்று அவர் வாயால் கேட்டுவிட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வந்தேன்.