நோட்டில் மூன்றாவது பத்தி

பென்சில்வேனியாவில் ஒரு கால்நடை மருத்துவமனையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். நாய், பூனைக்கு அடுத்தபடியாக எங்களிடம் வருவது முயலும் ஃபெரெட்டும். ஃபெரெட்டை நம் ஊரில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் நீர்நாய்க்குத்தான் சொந்தம். பெண் ஒரு கிலோ தேறினால் அதிகம். ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருஷம். நாலு வயதைத் தாண்டிவிட்டாலே கிழடு என்றுதான் கணக்கு.

அந்த வயதில் நோய்கள் பல சமயம் இரண்டு மூன்றாகச் சேர்ந்தே வரும். கணையத்தில் இன்சுலினைச் சுரந்து தள்ளும் கட்டி, அட்ரீனல் சுரப்பி வீக்கம், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், இதயத் தசைத் தளர்ச்சி. இங்கே கடைகளில் விற்கும் ஃபெரெட்டுகளுக்குப் பிறந்து ஆறு வாரம் ஆவதற்குள்ளேயே கருத்தடை செய்துவிடுகிறார்கள். அட்ரீனல் நோய் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

போன வருஷம் ஒரு பாட்டி தன் ஆறு வயதுப் பெண் ஃபெரெட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வாலில் ஒரு முடிகூட இல்லை. மேஜையில் விட்டதும் பின்னங்கால் இரண்டும் வழுக்கி விரிந்தன. வாயோரம் எச்சில். முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே சுவரைப் பார்த்து உறைந்து நின்றது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், சர்க்கரை 48. அறுபதுக்குக் கீழே போனாலே கணையக் கட்டியைத்தான் சந்தேகிப்போம். ஈறில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு தடவினேன். சில நிமிஷத்தில் தலை நிமிர்ந்தது, என் கையுறையை முகர்ந்தது. உடனே இறைச்சிக் கூழ் ஊட்டினேன். இனிப்போடு விட்டுவிட்டால் கட்டி மறுபடி இன்சுலினைக் கொட்டும், சர்க்கரை இன்னும் கீழே போகும்.

அப்புறம்தான் கஷ்டமான பேச்சு. ஸ்கேன், எக்ஸ்ரே, டென்னசி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பும் ஹார்மோன் பரிசோதனை என்று பட்டியல் நீளும். டாக்டர் பட்டியலை எடுக்கவே இல்லை. முதலில், "ஆபரேஷன் வரைக்கும் போகலாம்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். பாட்டி, "இந்த வயசுல அதை அறுக்க எனக்கு மனசு வராது" என்றார்.

அந்தப் பதிலே பாதியைத் தீர்மானித்துவிட்டது. வால் முடி கொட்டியிருக்கிறது, கருத்தடை செய்த பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறது. அட்ரீனல்தான் என்று கையாலேயே தெரிகிறது. ஹார்மோன் பரிசோதனை என்ன சொன்னாலும் நாங்கள் வைக்கப்போவது தோலுக்கடியில் டெஸ்லோரெலின் என்ற, ஹார்மோனை அடக்கும் மருந்துக் குச்சிதான். அதனால் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டோம். ஆனால் கழுத்தில் ஒரு நிணநீர்க் கணு தட்டுப்பட்டது. அதில் ஊசி வைத்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக நின்றார். சர்க்கரையை ஏற்றுவதற்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, லிம்ஃபோமாவையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். மருந்து உள்ளே போன பிறகு தேடினால் விடை கலங்கிவிடும். கால் தளர்ச்சிக்கு இதயமும் காரணமாகலாம் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தோம். நல்லவேளை, இரண்டிலும் ஒன்றுமில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி நடக்கவில்லை. எட்டு வயது ஆண் ஃபெரெட் ஒன்று வந்தது. ஆபரேஷனும் வேண்டாம், கீமோவும் வேண்டாம் என்று குடும்பம் வாசலிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் எல்லாப் பரிசோதனையும் ஓடியது. மயக்க வாயு முகமூடியை அதன் மூக்கில் பிடித்தவள் நான்தான். முடிவில் தெரிந்தது எல்லாரும் முதல் நாளே ஊகித்ததுதான். அதற்கு மிஞ்சியிருந்த சில ராத்திரிகளில் ஒன்றை எங்கள் இரும்புக் கூண்டில் கழித்தது. அன்று நான் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். இன்னும் மனது ஆறவில்லை.

அதற்காக, "வயசாயிடுச்சு, விட்டுடலாம்" என்பதையும் என்னால் ஏற்க முடியாது. சிறுநீர் போக முடியாமல் முக்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஆண் ஃபெரெட்டை, முதுமை என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஸ்கேனில் அட்ரீனல் கோளாறால் வீங்கிய புராஸ்டேட் தெரிந்தது. குழாய் போட்டு, ஊசி போட்டு அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியாடியது. அந்த ஒரு ஸ்கேன் இல்லாவிட்டால் அந்த வாரமே போயிருக்கும்.

பாட்டியின் ஃபெரெட்டுக்கு இரண்டு மாதத்தில் வால் முடி முளைத்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஊட்டினார், ராத்திரியிலும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதிவந்தார்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு தூங்கியது, என்ன திருடியது. ஃபெரெட் கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப்போய்ப் பதுக்கும். காலுறை, ரிமோட், பாட்டியின் கண்ணாடிக் கூடு என்று மூன்றாவது பத்திதான் எப்போதும் நிறைந்திருக்கும்.

பத்தாவது மாதம் வலிப்பு வந்தது. பிரெட்னிசலோனைக் கூட்டினோம், இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயாசாக்ஸைடு சேர்த்தோம். ஒரு மாதம் தாங்கியது. கடைசியாக வந்த அன்று ரத்தம் எடுக்க நான் ஊசியோடு தயாராக நின்றேன். டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். மூன்றாவது பத்தியில் ஒன்பது நாளாக ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. நோட்டை மூடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஊசியைத் தட்டில் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.