எவர்டன் 2022-23: கடைசி நிமிஷத்துல பொறுக்குன மூணு பாயிண்ட்

அந்த சீசன பத்தி யார் பேசினாலும் டூக்கூரே கோல்ல தான் ஆரம்பிப்பாங்க. 2023 மே 28, போர்ன்மத் கூட கடைசி மேட்ச், 57ஆவது நிமிஷம், பாக்ஸுக்கு வெளிய இருந்து அப்துலாயே டூக்கூரே ஒரு அடி அடிச்சாரு, எவர்டன் இங்கிலாந்து ஃபுட்பாலோட டாப் டிவிஷனான ப்ரீமியர் லீக்ல தங்கிடுச்சு. சரிதான், அந்த வீடியோவ நானும் எத்தனை தடவ போட்டு பாத்திருப்பேன்னு தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துல, தோக்க வேண்டிய மூணு மேட்ச கடைசி நேரத்துல டிரா ஆக்குன மூணு கோல் இருக்கு, அத யாரும் கண்டுக்கறதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், அதான் இந்த போஸ்ட்.

கணக்கு இதான். சீசன் முடிஞ்சப்ப எவர்டன் 36 பாயிண்ட், கீழ் டிவிஷனுக்கு இறங்குன மூணு டீம்ல லெஸ்டர் 34, லீட்ஸ் 31, சவுத்தாம்ப்டன் 25. கோல் வித்தியாசம் (அடிச்ச கோல்ல வாங்குனத கழிச்சா வர்றது) எவர்டனுக்கு மைனஸ் 23, லெஸ்டருக்கு மைனஸ் 17. அப்படின்னா அந்த மூணு டிராவுல ஏதாவது ரெண்டு தோல்வியா போயிருந்தாலே 34-34ன்னு சமமாகி, கோல் வித்தியாசத்துல லெஸ்டர் மேல இருக்கும், எவர்டன் கீழ போயிருக்கும். டூக்கூரே அடிச்ச கோலும் சேத்து தான் சொல்றேன், அதையும் அடிச்சிட்டு, அந்த மேட்சையும் ஜெயிச்சிட்டு, அப்பவும் இறங்கியிருப்பாங்க.

ஃபுட்பால் அவ்வளவா பாக்காதவங்களுக்கு: 20 டீம், 38 மேட்ச், கடைசி மூணு இடம் வந்தா அடுத்த வருஷம் சாம்பியன்ஷிப்ங்கற கீழ் டிவிஷன்ல ஆடணும். ஐபிஎல் மாதிரி கடைசியா வந்துட்டு ஏலத்துல நல்லா வாங்கி திரும்ப வர்ற கதையெல்லாம் இங்க இல்ல. ப்ரீமியர் லீக்ல கடைசி இடம் வர்ற கிளப்புக்கே 100 மில்லியன் பவுண்டுக்கு மேல வருது, கீழ போனா அந்த பணத்துல பெரும்பகுதி போயிடும், நல்ல பிளேயர்ஸ் போயிடுவாங்க, எவர்டன் அப்ப மெர்சி நதி ஓரத்துல புது ஸ்டேடியம் வேற பாதி கட்டிட்டு இருந்தாங்க. இதுல 1954லருந்து டாப் டிவிஷன விட்டு இறங்காத கிளப், ஒன்பது தடவ சாம்பியன், 1888ல லீக்க ஆரம்பிச்ச 12 கிளப்புல ஒண்ணு. அந்த பெருமைய சொல்லி சொல்லியே வளந்த கூட்டம் நாங்க. 1994ல விம்பிள்டன்கிட்ட 0-2ல இருந்து 3-2 ஜெயிச்சு தப்பிச்சது, 1998ல கோவென்ட்ரி கூட டிரா பண்ணி கோல் வித்தியாசத்துல போல்டன தள்ளிட்டு தப்பிச்சது, 2022 மே மாசம் கிரிஸ்டல் பேலஸ் கூட மறுபடி 0-2ல இருந்து 3-2ன்னு பாரம்பரியமும் இதுதான்னு வச்சுக்கங்க.

பேலஸ் மேட்ச் முடிஞ்சு கிரவுண்டுக்குள்ள ஜனம் இறங்குனப்ப, சரி இதோட பாடம் கத்துக்கிட்டாங்கன்னு தான் நெனச்சோம். எங்க? முதல் வேலையா ரிச்சார்லிசன டாட்டன்ஹாமுக்கு வித்தாங்க, கால்வர்ட்-லெவின் பாதி சீசன் காயம், கோல் அடிக்க ஆளே இல்ல. முதல் ஆறு மேட்ச்ல ஒரு ஜெயம் கிடையாது. வேர்ல்ட் கப் பிரேக் முடிஞ்சு வந்ததும் பாக்ஸிங் டே அன்னைக்கு உல்வ்ஸ்கிட்ட இஞ்சுரி டைம்ல கோல் வாங்கி தோல்வி, பிரைட்டன்கிட்ட வீட்டுலயே (சொந்த ஸ்டேடியத்துல) 1-4, சவுத்தாம்ப்டன்கிட்ட வீட்டுலயே 1-2. அந்த சவுத்தாம்ப்டன் மேட்சுக்கு டைரக்டர்ஸ் யாரும் பாதுகாப்பு காரணமா எவர்டன் ஸ்டேடியமான குடிசன் பார்க்குக்கே வரல, ரசிகர்கள் போர்டு ராஜினாமா பண்ணனும்னு போராட்டம். அடுத்த மேட்ச் வெஸ்ட் ஹாம்கிட்ட தோத்ததும் ஜனவரி 23 மேனேஜர் லாம்பார்ட தூக்கிட்டாங்க. 20 மேட்ச், 15 பாயிண்ட், 19ஆவது இடம்.

புது மேனேஜரா ஷான் டைச் வந்தாரு. அதே நேரத்துல ஆன்டனி கோர்டன நியூகாசிலுக்கு வித்தாங்க, அந்த ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோல (பிளேயர்ஸ வாங்கி விக்கிற நேரம்) வாங்குனது எத்தனை பேருன்னா, பூஜ்யம். கோல் அடிக்க முடியாம தவிக்கிற டீம் ஃபார்வர்ட வித்துட்டு ஒருத்தரையும் வாங்கல, இப்படியும் ஒரு கிளப் நடத்தலாம்னு காட்டுனாங்க.

டைச் ஃபுட்பால் அழகா இருக்காது. கார்னர், ஃப்ரீ கிக், லாங் பால், தலையால முட்டு, முட்டி எகிறி விழுற பந்துக்கு ஓடு. முதல் மேட்ச் பிப்ரவரி 4, டேபிள்ல முதல் இடத்துல இருந்த ஆர்சனல். மெக்நீல் கார்னர், டார்கௌஸ்கி ஹெட்டர், 1-0. ரெண்டு பேருமே பர்ன்லில டைச்கிட்ட ஆடுனவங்க, கண்ண மூடிட்டு அடிச்சிருப்பாங்க. அப்புறம் லீட்ஸ் கூட ஷேமஸ் கோல்மன் எண்ட் லைன் பக்கத்துல இருந்து, ஆங்கிளே இல்லாத இடத்துலருந்து அடிச்சது உள்ள போச்சு, 1-0. பிரென்ட்ஃபோர்ட் கூட மெக்நீல் முதல் நிமிஷத்துலயே அடிச்சாரு, மிச்ச நேரம் முழுக்க டிஃபென்ஸ் பண்ணி 1-0. இந்த மூணு ஜெயத்துலயும் மொத்தமே மூணு கோல்.

இப்ப நான் சொல்ல வந்த மேட்ச்கள்.

மார்ச் 18, செல்சி கூட அவங்க ஊர்ல. செல்சிக்கு ஃபெலிக்ஸ் அடிச்சாரு, டூக்கூரே சமன் பண்ணாரு, ஹாவெர்ட்ஸ் பெனால்டி, 1-2. சரி முடிஞ்சதுன்னு நெனக்கிறப்ப சப்ஸ்டிட்யூட்டா எல்லிஸ் சிம்ஸ் வர்றாரு. இந்த பையன சண்டர்லாண்டுக்கு கடனா அனுப்பி வச்சிருந்தாங்க, ஸ்ட்ரைக்கர் பஞ்சத்துல டிசம்பர் கடைசில திரும்ப கூப்ட்டாங்க. 89ஆவது நிமிஷம், செல்சி டிஃபெண்டர் கூலிபாலிய தோளால தள்ளிட்டு உள்ள போய் அடிச்சாரு, கோல்கீப்பர் கெப்பா கைல பட்டும் நிக்கல, 2-2. எவர்டனுக்காக ப்ரீமியர் லீக்ல அவரோட முதல் கோல். அந்த கோடையிலயே கோவென்ட்ரிக்கு வித்துட்டாங்க, இப்ப அவர் பேர சொன்னா எவர்டன் ரசிகர்களே ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

ஏப்ரல் 3, டாட்டன்ஹாம், குடிசன்ல. டாட்டன்ஹாம் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் முகத்த தள்ளிவிட்டு டூக்கூரே ரெட் கார்ட் வாங்கிட்டாரு, கேன் விழுந்த விதம் தனி நாடகம், அத விடுங்க, கைய வச்சது தப்பு தான். பத்து பேரோட ஆடும்போது மைக்கேல் கீன் பாக்ஸுக்குள்ள ஃபவுல் பண்ணி பெனால்டி குடுத்தாரு, கேன் அடிச்சாரு, 0-1. கீன் லாம்பார்ட் காலத்துல பெரும்பாலும் பெஞ்ச்ல உக்காந்திருந்த ஆளு, டைச் நம்பி திரும்ப இறக்குனாரு, அவரே இப்படி பண்ணிட்டாரேன்னு எல்லாரும் திட்டிட்டு இருக்கோம். டாட்டன்ஹாமோட லூக்காஸ் மோரா உள்ள வந்த கொஞ்ச நேரத்துலயே கீன் கால்ல ஏறி மிதிச்சு அவரும் வெளிய போனாரு, பத்துக்கு பத்து. 90ஆவது நிமிஷம் அதே கீன், சென்டர் பேக், கோலுக்கு ரொம்ப தூரத்துல பந்த வாங்கி நிமிந்து பாத்து ஒரே அடி, கோல்கீப்பர் லோரிஸ் தாவியும் எட்டல, மேல் மூலையில சொருகுச்சு. 1-1. அந்த மாதிரி ஒரு கோல அவர்கிட்ட இருந்து எதிர்பாத்தேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

டூக்கூரே ரெட் கார்டுக்கு மூணு மேட்ச் தடை. அந்த மூணுல ஒரே ஒரு பாயிண்ட் வந்துச்சு. திரும்ப வந்த மேட்ச் நியூகாசில், வீட்டுலயே 1-4 உதை.

அதுக்கடுத்து மே 1, லெஸ்டர் கூட அவங்க ஊர்ல. இது கடைசி நிமிஷ கோல் இல்ல, ஆனா இத விட்டுட்டு இந்த சீசன பேச முடியாது. எவர்டன் பெனால்டில முன்னிலை, சோயுஞ்சு சமன், வார்டி அடிச்சு லெஸ்டர் 2-1. கோல்மன ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போனாங்க. ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி லெஸ்டருக்கு பெனால்டி, அடிக்க வர்றது ஜேம்ஸ் மேடிசன். எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டோட தண்ணி பாட்டில்ல யார் எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு எழுதி ஒட்டி இருக்கும், மேடிசனுக்கு நேரா இருந்தது அசையாம நில்லுன்னு. மேடிசன் நடுவுல அடிச்சாரு, இவரு நடுவுலயே நின்னு தடுத்துட்டாரு. செகண்ட் ஹாஃப்ல இவோபி அடிச்சு 2-2. அது 3-1 ஆயிருந்தா லெஸ்டருக்கு ரெண்டு பாயிண்ட் கூட, எவர்டனுக்கு ஒண்ணு கம்மி, இந்த போஸ்ட்டே இல்ல.

அடுத்த வாரம் பிரைட்டன் போய் 5-1 ஜெயிச்சாங்க. ஆமா, வீட்டுல 1-4 உதைச்ச அதே பிரைட்டன், ஐரோப்பா இடத்துக்கு ஓடிட்டு இருந்த டீம். முதல் நிமிஷத்துலயே டூக்கூரே, அப்புறம் இன்னொண்ணு, மெக்நீல் ரெண்டு, ஒரு சொந்த கோல். சீசன் பூரா அடிச்ச 34 கோல்ல அஞ்சு கோல் ஒரே ராத்திரில. எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு புரியல, புரியணும்னும் இல்ல. அதுக்கப்புறம் மான்செஸ்டர் சிட்டிகிட்ட 0-3ன்னு பழைய நெலமைக்கு வந்துட்டாங்க.

மே 20, உல்வ்ஸ். உல்வ்ஸ் ஏற்கனவே தப்பிச்சிட்டாங்க, அவங்களுக்கு எதுவும் தேவையில்ல, ஆனாலும் ஹ்வாங் அடிச்சு 1-0. 90 நிமிஷம் முடிஞ்சு இஞ்சுரி டைம் ஓடிட்டே இருக்கு. எவர்டன் டிஃபெண்டர்ஸ் எல்லாம் மேல ஏறிட்டாங்க, பந்து பாக்ஸுக்குள்ள வருது, 99ஆவது நிமிஷம் யெரி மினா காலை நீட்டி உள்ள தட்டிட்டாரு. மினா ஒரு தனி கேரக்டர், உயரமான ஆளு, டான்ஸ் ஆடுவாரு, எதிர் டீம் ஆளுங்கள சீண்டுவாரு, வருஷத்துல பாதி நாள் காயம். டைச் வந்தும் ரொம்ப நாள் இறக்கல, கடைசி சில மேட்ச்ல தான் ஆட வச்சாரு. கான்ட்ராக்ட் அந்த ஜூன்ல முடியுது, கிளப்ப விட்டு போக போறது அவருக்கே தெரியும். போறப்ப ஒரு பாயிண்ட வச்சிட்டு போனாரு.

ஆக கடைசி நாள் எவர்டன் 33, லெஸ்டர் 31, லீட்ஸ் 31. ஜெயிச்சா யாரையும் பாக்க வேண்டாம். அன்னைக்கு தான் ஐபிஎல் ஃபைனல், அகமதாபாத்ல மழை, டைம்லைன் பூரா மழையையும் தோனியையும் பத்தி, நான் மட்டும் போர்ன்மத் கோல் கிக்க பாத்துட்டு பல்ல கடிச்சுட்டு இருந்தேன். ஆடுறதுக்கு ஒழுங்கான ஃபுல் பேக் (ஓரத்துல ஆடுற டிஃபெண்டர்) ஒருத்தர் கூட இல்ல, கோல்மன் இல்ல, மிகோலென்கோ இல்ல, விங்ல ஆடுற மெக்நீல் தான் லெஃப்ட் சைட் காவல். கால்வர்ட்-லெவினும் இல்ல, முன்னாடி டெமாரை கிரே. 34ஆவது நிமிஷம் லெஸ்டர்ல ஹார்வி பார்ன்ஸ் அடிச்சாரு, அந்த நொடி டேபிள்ல எவர்டன் 18ஆவது இடம். ஸ்டேடியத்துல நியூஸ் பரவுறது சத்தத்துலயே தெரிஞ்சுது, ஒரு முனகல் மாதிரி சுத்தி வந்துச்சு. 57ல டூக்கூரே. அதுக்கப்புறம் தான் நெஜமான கொடுமை, லெஸ்டர் ரெண்டாவது கோலும் அடிச்சிட்டாங்க, அதனால டிரா ஆனாலும் காலி, ஒரு கோல் வாங்குனா முடிஞ்சது. இஞ்சுரி டைம் 10 நிமிஷம்னு போர்டு காட்டுனாங்க. அதுல போர்ன்மத்தோட வீன்யா அடிச்ச ஷாட்ட பிக்ஃபோர்ட் தடுத்தத டூக்கூரே கோலோட சேத்து மாட்டி வைக்கணும்.

முடிஞ்சதும் கூட்டம் கிரவுண்டுக்குள்ள ஓடுச்சு. டைச் முகத்துல சிரிப்பே இல்ல, பேட்டிலயும் இதுல கொண்டாட ஒண்ணுமில்லங்கற மாதிரி தான் பேசுனாரு, எனக்கு அந்த மனுஷன ரொம்ப புடிச்சது அன்னைக்கு தான். 38 மேட்ச்ல எட்டு ஜெயம். 34 கோல். கீழ போன மூணு டீமும் எவர்டன விட அதிக கோல் அடிச்சவங்க, லெஸ்டர் 51, லீட்ஸ் 48, கடைசியா வந்த சவுத்தாம்ப்டன் கூட 36. எவர்டன் வாங்குனது 57, அவங்க மூணு பேரும் 68, 78, 73. அழகா எழுதி ஃபெயில் ஆனவன் பக்கத்துல கிறுக்கி கிறுக்கி ஜஸ்ட் பாஸ் வாங்குனவன் மாதிரி.

ஒண்ணே ஒண்ணு உறுத்தும். 2023 மார்ச்லயே, இந்த போராட்டம் நடக்கும்போதே, ப்ரீமியர் லீக் எவர்டன் மேல கேஸ் போட்டுடுச்சு, 2021-22 வரைக்குமான கணக்குல அனுமதிச்ச 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டிட்டாங்கன்னு. தீர்ப்பு வந்தது நவம்பர் 17, 10 பாயிண்ட் கட். அப்பீல்ல அது 6 ஆச்சு, அப்புறம் இன்னொரு கேஸ்ல 2. 2023-24ல எவர்டன் ஆடி எடுத்தது 48, கழிச்சது போக 40, 15ஆவது இடம், தாங்கிட்டாங்க. அதே ஆறு பாயிண்ட முந்தின சீசன்லயே வெட்டியிருந்தா 36 முப்பதா ஆயிருக்கும், சிம்ஸும் கீனும் மினாவும் சேந்து வந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, லெஸ்டர் தங்கியிருக்கும். லெஸ்டர் ரசிகர் யாராவது இத சொல்லி சண்டைக்கு வந்தா, ரூல் படி தண்டனை எப்ப வரணுமோ அப்ப வந்துச்சுன்னு தான் சொல்லுவேன். அவங்களுக்கு அது போதாதுன்னு எனக்கும் தெரியும்.